பேர் வெட்டாத தட்டு

அடையாறு காந்தி நகரில் ஜானகி மேடம் தன் வீட்டின் கீழ்த்தளத்தைக் கேலரி ஆக்கி வைத்திருக்கிறார். இரண்டே அறைகள்தான். ஆனால் அங்கே ஒரு சுவர் கிடைத்துவிட்டால் போதும், ஊரில் அச்சுப்படம் போடுகிற அத்தனை பேரும் யாரது என்று கேட்பார்கள். நானும் விக்கியும் அந்தச் சுவருக்காகத்தான் எங்கள் அலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போனோம்.

அலை என்றால் ஜப்பான் பாணி அலை. லினோலியம் ஷீட்டில் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தில் ஒற்றி எடுத்தது. நுரை, சுழிப்பு எல்லாம் அவர்கள் போடுகிற மாதிரியே. படகுக்குப் பதில் பெசன்ட் நகர் கட்டுமரம், பின்னால் பரங்கிமலை. எங்களுக்கு அது பெரிய புரட்சியாகத் தெரிந்தது. கூடவே மல்லிகைப்பூ வைத்த மெக்சிகோ மண்டை ஓடு ஒன்று. அது விக்கியுடையது.

ஜானகி மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நன்னா வெட்டியிருக்கேள். கை சுத்தமா இருக்கு. ஆனா ஜப்பான் வேணும்னா நான் ஜப்பான்காராளண்டயே வாங்கிண்டு வந்துடுவேனே, தபஸ்ஸும்?"

நான் பல்லைக் காட்டினேன். வேறு என்ன செய்வது!

"டிசம்பர்ல ஒரு சுவர் இருக்கு. தரேன். ஆனா உங்களோடதா ஒண்ணு கொண்டு வாங்கோ. உங்காத்துலேர்ந்து வந்தது மாதிரி இருக்கணும்."

வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன். விக்கி பின்சீட்டிலிருந்து ஆரம்பித்தான்.

"மச்சி, இந்தச் சுவரு மட்டும் கெட்சா எங்கம்மாவ இட்டாந்து காட்டிடுவேன். நான் இன்னா பண்றேன்னே அவங்களுக்குத் தெரில. பேனர் அடிக்கிறேன்னு ஊர்பூரா சொல்லிக்கினு கீறாங்க."

"நீ பேனர்தானடா அடிக்கிற?"

"அது பகல்ல!"

உண்மைதான். பகலில் அவன் அசோக் நகரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பிறந்தநாள் வாழ்த்து டிசைன் செய்கிறான். நான் மந்தைவெளியில் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். மீதி நேரம் முழுக்க மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில்தான். அங்கேதான் எங்கள் பிரஸ் இருக்கிறது. இரண்டு உருளைக்கு நடுவே காகிதத்தைக் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றினால் அச்சு விழும். கல்லூரியிலிருந்து கழித்துப் போட்டதைக் கெஞ்சி வாங்கி வந்தோம். அவன் அம்மா அன்புக்கரசி மாம்பலத்தில் ப்ளவுஸ் தைக்கிறவர். ஒரு முறைகூட எங்கள் கொட்டகைக்கு வந்ததில்லை. அவர் வந்து பார்க்க வேண்டும், ஒரு நிமிடமாவது நின்று பார்க்க வேண்டும். விக்கிக்கு அந்தச் சுவர் அதற்காகத்தான் வேண்டியிருந்தது.

எங்களோடது என்றால் எது? இரண்டு பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கோபுரம் வரையலாமா? எல்லோரும் வரைந்துவிட்டார்கள். பிரியாணி அண்டா? விக்கி என்னை முறைத்தான். அந்த நேரம் பார்த்து அம்மி, அதாவது என் அம்மா, டீ கொண்டு வந்தாள். என் டம்ளரின் வெளிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயரை விக்கி உருட்டி உருட்டிப் படித்தான்.

"ஹனீஃபா யாரு அம்மி?"

"யாருக்குத் தெரியும்?" என்றாள் அம்மி. அவள் பெயர் அஃப்சருன்னிசா. "எந்தக் கல்யாணத்துல மாறிச்சோ! நம்ம டம்ளர் அவங்க வீட்டுல இருக்கும். அவங்களும் இதே மாதிரி அஃப்சருன்னிசா யாருன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க."

விக்கி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான். எனக்கும் அதே நொடியில் புரிந்துவிட்டது. பாத்திரக்கடையில் பேர் வெட்டுவது என்பதே உலோகத்தில் கோடு கிழிப்பதுதானே! நாங்கள் செப்புத் தகட்டில் வருடக்கணக்கில் பழகியது இந்த ஊரில் ஒவ்வொரு அடுப்படியிலும் கிடக்கிறது. மையைத் தடவி, மேலே துடைத்துவிட்டால், வெட்டிய கோட்டுக்குள் மட்டும் மை தங்கும். நனைத்த காகிதத்தை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்தால் எழுத்து காகிதத்தில் ஏறிவிடும். கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பித்தான் விழும். ஈரம் காயும்முன் அதன்மேல் இன்னொரு காகிதத்தை ஒற்றினால் நேராகிவிடும். அவ்வளவுதான்!

அடுத்த சில வாரங்கள் வீடு வீடாகப் போனோம். மயிலாப்பூர், மந்தைவெளி, மாம்பலம். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. பரணில் ஏறி, கோணிப்பையைப் பிரித்து, கல்யாணத்துக்கு வந்த குடம், தாம்பாளம், தூக்கு என்று இறக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சண்டைக் கதை. இது சின்ன மாமனார் குடுத்தது, ஓரம் மெல்லிசு, அவர் புத்தியைப் போலவே. இது நாத்தனார் குடுத்தது, பழைய பேரைத் தேய்த்துவிட்டு மேலே புதுப் பேர் வெட்டியிருக்கிறாள் பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஆமாம், தெரிந்தது. அச்சில் இன்னும் நன்றாகத் தெரிந்தது! நான் துள்ளிக் குதித்தேன்.

ஒரே ஒரு விபத்து நடந்தது. அம்மி பிரியாணி செய்கிற பெரிய பாத்திரம், தேக்சா, அதன் மூடி.

"மூடி தட்டையாத்தான கீது மச்சி, பிரஸ்ல வுட்டா இன்னா?" என்று விக்கி கேட்டான். நானும் யோசிக்காமல் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். அந்தப் பக்கம் அது அப்பளமாக வெளியே வந்தது. அஃப்சருன்னிசா என்ற பெயர் இரண்டு மடங்கு நீளமாகியிருந்தது.

தி.நகருக்கு ஓடினோம். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு பாத்திரக்கடை. அதே அளவு மூடி கிடைத்தது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேர் வெட்டிக்கொண்டிருந்த மெஹபூப் அலி, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, மெஷின் பேனாவை ழ்ழ்ழ் என்று ஓட்டினார்.

"பேரு? தேதி? யாரு குடுத்தது?"

சொன்னோம்.

"இன்னாமா, இது ரொம்பப் பழைய தேதி?"

"ஆமா பாய். கல்யாணம் அப்பதான் ஆச்சு."

"ஆகட்டும், ஆகட்டும். எப்ப ஆனா எனக்கின்னா" என்று சொல்லிவிட்டு அவர் போனில் மச்சினனைத் திட்டுவதைத் தொடர்ந்தார். நாங்கள் நின்று வியர்வை துடைப்பதற்குள் மூடி தயார். அம்மி அதைத் தேக்சாமேல் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்பதான் ஒழுங்கா உக்காருது, நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். நாங்கள் மாடிக்கு ஓடிவிட்டோம்.

படிக்கட்டில் நான் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தேன். விக்கி சிரிக்கவில்லை. "நெஜமான்னு பாய் கேக்கவேல்ல பாத்தியா?" என்று மட்டும் சொன்னான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜானகி மேடம் கொட்டகைக்கே வந்து அச்சுகளைப் பார்த்தார். தரையில் வரிசையாகப் பரப்பியிருந்தோம். கறுப்பு மையில் பெயர்கள், உறவுகள், ஊர்கள். அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து படித்துக்கொண்டே போனார். அவர் கொடுத்த கூஜாவில் மூன்று மாமாக்களின் பெயர் சேர்ந்தாற்போல் இருந்தது. அதைப் பார்த்து, "இந்த நடு மாமா பணமே போடலை, தெரியுமோ? பேர் மட்டும் போட்டுண்டார்" என்று சிரித்தார். சுவர் எங்களுக்குத்தான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

"தபஸ்ஸும் ஆத்துது இருக்கு. எங்காத்துது இருக்கு. விக்கி, உங்காத்துது எங்கே?"

நான் விக்கியைப் பார்த்தேன்.

"கீது மேடம். பரண் மேல கீது. எடுத்தாந்துடறேன்" என்றான் விக்கி.

இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் வீட்டில் பரணே இல்லை. ஒற்றை அறை, ஓரத்தில் சமையல் மேடை, நடுவில் தையல் மெஷின். அன்புக்கரசி அம்மா டீ ஊற்றும்போதெல்லாம் சொல்வார்: "தோ பாரு தபஸு, இந்த ஊட்ல யாரு பேரும் கெடையாது. குண்டான்லேர்ந்து டீ வடிகட்டி வரைக்கும் நான் ப்ளவுஸ் தச்சி வாங்குனது." வேளச்சேரிக்காரர் அவர். அண்ணன் சுப்புராயனுக்கு அங்கே ஜவுளிக்கடை. ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த டில்லிபாபுவைக் கட்டிக்கொண்டதால் அண்ணன் தலைமுழுகிவிட்டார். கட்டின சேலையோடு வந்தவர் அன்புக்கரசி அம்மா. அதை அவர் அழுதுகொண்டு சொன்னதே இல்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிற மாதிரி சொல்வார்.

இரண்டு நாளில் விக்கி ஒரு சாப்பாட்டுத் தட்டோடு வந்தான். பின்பக்கம் இப்படி வெட்டியிருந்தது: அன்புக்கரசி டில்லிபாபு திருமணத்திற்கு அண்ணன் சுப்புராயன் அன்பளிப்பு. புளியும் மணலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பை மங்க வைத்திருந்தான். ஆனால் ஒவ்வொரு 'ன்' மேலும் புள்ளி இரண்டு தடவை குத்தியிருந்தது. அம்மியின் மூடியிலும் அப்படித்தான்.

"டேய், இது மெஹபூப் பாய் கை."

"சும்மா இரு மச்சி."

"உங்க மாமா ஒரு ஸ்பூனாவது குடுத்தாராடா?"

"குடுத்திருக்கலாம்ல?" என்றான்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தான்.

"எல்லார் ஊட்லயும் மாமா பேரு கீது. மேடம் ஊட்ல காசே போடாத மாமா பேருகூட கீது. உங்க ஊட்ல யாருன்னே தெரியாத ஹனீஃபா கீறாங்க. எங்க ஊட்ல இன்னா கீது சொல்லு? ஒண்ணுமில்லாதத எப்டி அச்சடிப்ப?"

"உங்க அம்மா வந்து பாத்தா?"

"பாத்தா இன்னா? சந்தோஷப்படுவாங்க. எத்தினி வருசம் அவங்களும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொல்லிக்கினு கீறாங்க."

அவன் அதை நம்பித்தான் சொன்னான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் மை டப்பாவைத் திறந்தேன். சுவர் கையில் வந்துவிட்டது, எனக்கும் அது வேண்டும். அதனால் திறந்தேன்.

அச்சு அபாரமாக வந்தது. ஜானகி மேடம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். "என்ன ஒரு அண்ணா! ஊரே எதிர்த்திருக்கும், இவர் மட்டும் தட்டு வாங்கிண்டு போயிருக்கார் பாரு" என்று அவரே ஒரு கதையைக் கட்டிவிட்டார். விக்கி திருத்தவில்லை. அது நடுச் சுவருக்குப் போனது. அழைப்பிதழிலும் அதுதான் படம்.

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் போக ஆரம்பித்தது. வாட்ஸ்அப் எங்கேதான் போகாது!

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மதியம் நாங்கள் சட்டம் மாட்டிக்கொண்டிருந்தோம். விக்கி ஏணியில், நான் கீழே. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. அன்புக்கரசி அம்மா. கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. மெஷினிலிருந்து நேராக எழுந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"யம்மா! நாளைக்குத்தானம்மா!" என்று விக்கி ஏணியிலிருந்து இறங்கினான். முகமெல்லாம் சிரிப்பு. அவன் ஆசைப்பட்டது நடந்தேவிட்டது என்று நினைத்துவிட்டான், பாவம்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. நேராக நடுச் சுவருக்குப் போய் நின்றார். எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு சிரித்தார்.

"ஏன்டா, எங்கண்ணன் குடுத்தா தட்டா குடுப்பான்? ஜவுளிக்கடைக்காரன்டா அவன். ஒரு அண்டா, குத்துவிளக்கு, இதெல்லாம் போடத் தெரியலியா உனக்கு? மாமன்னு ஒருத்தன செய்யறதுன்னு ஆச்சு, அவன ஏன்டா கஞ்சனா செஞ்ச?"

நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவர் கண்ணைப் பார்த்தேன்.

"காலைல ப்ளவுஸ் வாங்க வந்தவ கேக்கறா, உங்கண்ணன் சீர் செஞ்சத சொல்லவேல்லியேக்கான்னு. அவளாண்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"யம்மா, நான் இன்னா தப்பாவா போட்டேன்? நல்லதாத்தான..."

"நல்லதா? நான் கிருஷ்ணாயில் ஸ்டவ்வுக்குத் திரி வாங்க வழியில்லாத அன்னிக்குக்கூட அவன் ஊட்டாண்ட போயி நிக்கல. உன்ன வவுத்துல வெச்சிக்கினு ராவும் பகலுமா மெஷின மிதிச்சேன். ஒவ்வொரு தட்டா வாங்குனேன். ஒரு தட்டு வாங்குனா உங்க நைனா துன்னுட்டு கழுவி வெப்பாரு, அப்பறம் நான் துன்னுவேன். ரெண்டாவது தட்டு வாங்குன அன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா குந்தி துன்னோம். அதெல்லாம் அவன் குடுத்ததாடா? ஒரே கோடு போட்டு அத்தினியும் தூக்கி அவன் கையில குடுத்துட்டியே!"

விக்கி தரையைப் பார்த்தான்.

உள்ளறையிலிருந்து ஜானகி மேடம் வந்து எப்போதிலிருந்து நின்றுகொண்டிருந்தார் என்று தெரியவில்லை. "அப்போ இது நிஜமில்லையா விக்கி?" என்று கேட்டார்.

"உங்க வீட்லேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வான்னு நீங்கதான மேடம் கேட்டீங்க? எங்க வீட்ல இல்ல. அதான் செஞ்சேன்."

அன்புக்கரசி அம்மா அளவு டேப்பைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அது மாட்டிக்கினு இருக்கட்டும், எடுக்கட்டும், உன் இஷ்டம். இருந்தா நான் வரமாட்டேன். அவ்ளோதான்."

போய்விட்டார். காந்தி நகர் மரங்களுக்கு அடியில் அவர் பஸ் ஸ்டாண்டை நோக்கி வேக வேகமாக நடப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விக்கி ஏணியில் ஏறி, சட்டத்தை இறக்கி, சுவருக்குத் திருப்பிச் சாய்த்து வைத்தான். நடுச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஜானகி மேடம் எங்கள் இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை விக்கி போன் செய்தான்.

"மச்சி, மையும் பேப்பரும் எடுத்துக்கினு எங்க ஊட்டாண்ட வா."

"என்னடா பண்ணப் போற?"

"எங்கம்மா தட்ட அச்சடிக்கப் போறேன். பேரில்லாத தட்டு. வெள்ளையா வரட்டும். வெள்ளைப் பேப்பர மாட்டிடறேன். கேக்கறவங்களுக்கு எங்கூடு இதான்னு சொல்லிடறேன்."

வெள்ளையாகத்தான் வரும் என்று நானும் நினைத்தேன். கோடு இல்லாத இடத்தில் மை எங்கே தங்கும்?

நான் போனபோது அந்த ஒற்றை அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நிமிரவில்லை. விக்கி வாசற்படியிலேயே நின்றான். டில்லிபாபு அங்கிள் முதல் சவாரி முடித்துவிட்டு வந்து, தரையில் சம்மணம் போட்டு, நேற்றைய சோற்றில் மோர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அத எறக்கிட்டேம்மா" என்றான் விக்கி.

மெஷின் நிற்கவில்லை.

"யம்மா, உன் தட்டு ஒண்ணு குடேன். பழசு."

மெஷின் நின்றது. அம்மா எழுந்து போய், மேடைக்கு அடியிலிருந்து பாலித்தீன் கவர்கூடப் பிரிக்காத புதுத் தட்டு ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

"இது இல்லம்மா. தினம் துன்றது."

"எச்சத் தட்டையா எடுத்துக்கினு போயி கேலரில வெப்ப? ஊர் சிரிக்கும். இத வெச்சிக்கோ."

"அம்மா, தட்டு போகாது, அச்சு மட்டும்தான் போகும்" என்றேன் நான்.

"அப்ப புதுசுலயே அடியேன் தபஸு, பளிச்சுனு வரும்."

"எங்க அந்த மொத தட்டு?" என்று விக்கி கேட்டான். "நைனா துன்னுட்டு கழுவி வெப்பாருன்னு சொன்னியே, அது."

அம்மாவின் கண் தரையில் இருந்த தட்டுக்குப் போனது. மூன்று பேரும் டில்லிபாபு அங்கிளைப் பார்த்தோம். அவர் உருட்டின கவளத்தோடு எங்களைப் பார்த்தார்.

"இன்னா?"

"அந்தத் தட்டக் குடு நைனா."

"துன்னுக்கினு கீறேன்டா டேய்!"

"தோ, இதுல மாத்திக்கோ" என்று அம்மா புதுத் தட்டை நீட்டினார். அங்கிள் அதை வாங்கவில்லை. "புதுத் தட்டுல சோறு ஓடும், எனக்குப் புடிக்காது" என்று சொல்லிவிட்டு, சோற்றை வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, கவளத்தைக் கையில் பிடித்தபடியே தட்டைத் தள்ளினார். அம்மா அதைக் கழுவித் துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஏதோ பெண் பார்க்க வந்தவர்களிடம் கொடுக்கிற மாதிரி கொடுத்தார்.

தரையில் செய்தித்தாள் விரித்தோம். விக்கி தட்டின் நடுவில் மையை வைத்து, அட்டைத் துண்டால் பரப்பி, மல் துணியால் துடைக்க ஆரம்பித்தான். துடைத்தான். இன்னும் துடைத்தான். மை முழுசாகப் போகவில்லை.

"மச்சி, இன்னாடி இது, சாம்பலாவே கீது?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. நாங்கள் இதுவரை அச்சடித்தது எல்லாம் பரணில் தூங்கிய பாத்திரங்கள். யாரும் ஒருநாளும் சாப்பிடாதவை, தேய்க்காதவை. இதில் அப்படியா?

"துடைக்காத! போதும், அப்படியே வெய்!" என்று கத்தினேன்.

நனைத்த காகிதத்தைத் தட்டுக்குள் வைத்து, கரண்டி முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தோம். விக்கி ஒரு முனையைப் பிடித்து மெல்ல உரித்தான்.

வெள்ளை இல்லை. முடியைவிட மெல்லிய கோடுகள், ஆயிரக்கணக்கில். வட்டம் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடுவில் அடர்ந்து கறுத்து, ஓரம் போகப் போகக் கலைந்து. எழுத்து இல்லாததால் திருப்பி ஒற்ற வேண்டிய வேலையும் இல்லை. தட்டிலிருந்து நேராக வந்தது. நான் இத்தனை வருடம் ஊசியால் கிழித்து வரவழைக்கப் பார்த்த அடர்த்தி. எனக்கு வந்ததே இல்லை. விக்கியின் தோளில் அறைந்தேன்.

அம்மா எங்கள் தலைக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அய்ய! இன்னாடா இவ்ளோ கீறலு! மானம் பூடும், இத மாட்டாத. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க, பாத்திரம் வெளக்கத் தெரியாதவன்னு..."

"யம்மா, இதெல்லாம் நீ போட்ட கோடும்மா" என்றான் விக்கி.

"நான் எங்க போட்டேன்? தேச்சேன்."

சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் குனிந்தார். பிறகு உட்கார்ந்தேவிட்டார். அவர் வலது கை, காகிதத்தைத் தொடாமல், அதற்கு மேலே வட்டமாகச் சுற்றியது. கோடுகள் போன அதே பக்கமாக.

"தோ, இது கம்பி நாரு. அழுத்தமா கீது பாரு. அதுக்கு முன்னாடி தேங்கா நாரு, சாம்பலு. அது மெல்லிசாத்தான் வுழும்." அவர் விரல் ஓரத்துக்கு வந்தது. அங்கே சின்னச் சின்னதாகப் பிறை வடிவக் குழிகள், கொத்தாக. "இது எவன் வேலைன்னு தெர்தா?"

"யாரு?"

"நீதான். ரசம் ஊத்துனா வோணாம்னு ஸ்பூனாலயே அடிச்சிக்கினு கெடப்ப. கீழ் போர்ஷன்காரங்க வந்து சண்ட போட்டாங்க."

"இப்பவும் ரசம் எனக்குப் புடிக்காது" என்றான் விக்கி.

"புடிக்காதுன்னாலும் ஊத்துவேன்."

என் போன் அடித்தது. ஜானகி மேடம். நடுச் சுவருக்கு எதையாவது கொண்டுவருகிறோமா, இல்லை மற்றவற்றை நகர்த்தட்டுமா என்று கேட்டார். விக்கி அம்மாவின் தட்டு அச்சைக் கொண்டுவருகிறோம் என்றேன். படத்துக்குக் கீழே ஒட்டும் சீட்டில் எழுத வேண்டும், யார் கொடுத்த தட்டு என்று கேட்டார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"யாரும் குடுக்கல" என்றார் அன்புக்கரசி அம்மா, போனைப் பார்த்து, சத்தமாக. "பாண்டி பஜார்ல நானே வாங்குனது. ப்ளவுஸ் தச்சி. அப்டியே எழுதச் சொல்லு."

"எழுதறேன்மா," என்றார் ஜானகி மேடம். "ஒரு வார்த்தை மாத்தாம எழுதறேன். சாயங்காலம் நீங்க வருவேளோ?"

அம்மா எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனார். குழாயைத் திறந்தார். கம்பி நாரை எடுத்து சோப்பில் தொட்டார்.

"அம்மா, தேய்க்காதீங்க!" நான் எழுந்து ஓடினேன். "இன்னும் நாலஞ்சு பிரிண்ட் எடுக்கணும். தேச்சா கோடெல்லாம் மாறிடும்!"

"தேக்காம? இதுலதான் அவுரு துன்னணும். தோ, கையில உருட்டி வெச்சிக்கினு குந்தினு கீறாரு பாரு, கொழந்த மாதிரி." கம்பி நார் சரக் சரக்கென்று சுற்ற ஆரம்பித்தது. மை சாம்பல் தண்ணீராக ஓடியது.

நான் விக்கியைத் திரும்பிப் பார்த்தேன், நீயாவது சொல்லேன் என்று. அவன் தடுக்கவே இல்லை. காகிதத்தைத் தூக்கி அம்மாவின் தையல் மெஷின்மேல் வைத்து, என் பென்சிலை வாங்கி, அடி ஓரத்தில் 1/1 என்று எழுதினான். ஒன்றில் ஒன்று. இன்னொன்று கிடையாது.

"தட்டு" என்றார் டில்லிபாபு அங்கிள்.

"வருது, வருது." அம்மா தேய்ப்பதை நிறுத்தாமல், திரும்பாமல் சொன்னார்: "இன்னா, கேக்குதா? சாயங்காலம் சவாரி கிவாரி எதுவும் எடுத்துடாத. அடையாறு போவணும்."